எண்ணெய் டின்னில் அடித்த சல்லடை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சோளக்காடு என்கிற எங்கள் ஊரில் மகளிர் குழுவுக்கு அரசாங்கம் கொடுத்த அரவை மிசினை நான்தான் ஓட்டினேன். பாகங்களைக் கழற்றி மாற்றினால் மிசினைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆனால் அது நெல்லுக்குச் செய்த மிசின். சாமையைப் போட்டால் பாதி நொறுங்கிவிடும்.

"ஏனுங்கண்ணா, சோத்துக்கு அரிசி கேட்டா கோலப்பொடி குடுக்கறீங்களே!" என்று ஒரு பெண் எல்லார் முன்னாலும் சொன்னாள். என்னால் தலை நிமிர முடியவில்லை. அந்த வாரமே மிசினுக்குள் இருந்த சல்லடையைக் கழற்றினேன். எண்ணெய் டின் தகரத்தில் ஆணியால் சின்னச் சின்ன ஓட்டை போட்டு மாட்டி, பிளேடையும் கொஞ்சம் தளர்த்தினேன். சாமை முழுசாக வந்தது. தூரத்துத் திண்ணனூர் நாட்டு ஊர்களிலிருந்துகூட மூட்டை வர ஆரம்பித்தது. சல்லடை மாற்றியதை மட்டும் மறைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து மிசின் கொடுத்த ஆபீசிலிருந்து ஓர் அம்மா படிவத்தோடு ஜீப்பில் வந்தார். எந்தத் தொழிலில் புது யோசனை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்த்து, தொழில்களைப் பிரிக்கிறார்களாம். படிவத்தில் மூன்று கட்டம். கருவி விற்பவர் வாங்கியவருக்குச் சொல்லித் தருவது ஒன்று. வாங்கியவர் விற்பவருக்குச் சொல்வது இன்னொன்று. மருந்துக் கம்பெனி மாதிரி தாங்களே ஆராய்ந்து செய்வது மூன்றாவது.

"சாமை உடையாம வருதே, யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"மிசின் வித்தவங்கதானுங்க" என்றேன்.

அவர் முதல் கட்டத்தில் டிக் போட்டார். அன்றைக்குப் பார்த்து மிசின் கம்பெனி மெக்கானிக் பெல்ட் மாற்ற வந்து, மிசினுக்குக் கீழே குனிந்திருந்தார்; பயத்தில் அவரை மறந்தே போனேன். தலையைத் தூக்கினார்.

"நாங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க! போன தடவ வந்தப்ப இவரு அடிச்ச தகரத்த அளவெடுத்துட்டுப் போனதே நானுங்க. கம்பெனில அதே மாதிரி சல்லடை அடிச்சு, பேளுக்குறிச்சி மில்லுல மாட்டியாச்சு. இவருக்கும் ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

"கழட்டினீங்களா?" என்று அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க. மிசின எடுத்துட்டுப் போயிருவீங்களா?"

"கம்பெனியே இதப் பாத்துப் பண்ணுது, நான் எதுக்குங்க எடுக்கறேன்?" முதல் கட்டத்தை அடித்துவிட்டு இரண்டாவதில் டிக் போட்டார்.

நான் சாமை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனைக்கும் காரணமான, கோலப்பொடி என்று சொன்னவளை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்க நினைத்தேன். கூச்சத்தில் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு, ஆபீஸ் ஜீப் சத்தத்துக்குப் பயப்படாமல் மிசினை ஓட்டினேன்.

எழுதியது: 2004, புரட்டாசி ஐந்தாம் தேதி.