சேலையால் அளந்த ஹோல்

ஊரை விட்டு வெளிநாடு வந்து, நோபல் பார்க்கில் நாங்கள் முதலில் வாடகைக்கு எடுத்த வீட்டின் ஹோலில், அதுதான் முன்கூடத்தில், வெறும் பலகைத் தரை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. பலகை இடுக்குகளால் கீழேயிருந்து காற்று ஏறும். எட்டு மாத மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். தொட்டுப் பார்த்தால் முழங்கால் இரண்டும் ஐஸ் மாதிரி இருக்கும். குளிர் இறுகுவதற்கு முன் தரைக்குத் தடித்த விரிப்பாக ஒரு காபெற் போட்டுவிட வேண்டும், எனக்கு வேறு யோசனையே இல்லை.

ஸ்டேசனுக்குப் பக்கத்தில் ஒரு கிரேக்கர் காபெற் கடை வைத்திருந்தார். பெரிய சுருள்களில் வெட்டி மிஞ்சியவற்றை மலிவாகக் கொடுப்பார். ஒரு வியாழக்கிழமை அங்கே நல்ல பச்சைத் துண்டு ஒன்று கண்டோம். பதினாறடி நீளம், பதினோரடி அகலம். நூற்று எழுபத்தாறு சதுர அடி என்று அட்டை கட்டியிருந்தது. நாளை மத்தியானம் வரைக்கும் வைத்திருப்பேன் என்றார் கடைக்காரர்.

வரும் வழியில் என் கணவர் சொன்னார்: "நாளைக்கு வேலையிலையிருந்து வரேக்கை அளக்கிற ரேப் கொண்டு வாறன். அளந்து பாப்பம்."

"நீங்கள் வாறதுக்கிடையிலை அது போயிடுமப்பா. நான் அளக்கிறன்."

"நீரோ? எதாலை?"

"எதாலை எண்டால் என்ன, அளந்தால் சரிதானே!"

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள்தான் நான். ஆனால் கணக்கில் என்னை ஒருவரும் ஏய்த்ததில்லை. சேலை நீளம் ஆறு யார், ஒரு யாருக்கு மூன்றடி, ஆக மொத்தம் பதினெட்டடி. மறுநாள் காலை என் நீலச் சேலையை எடுத்து, ஒரு தலைப்பைக் கதிரைக் காலின் கீழ் வைத்து, சுவரோரம் இழுத்துப் பிடித்தேன். நீளம் மட்டுமட்டாக ஒரு சேலை. பிறகு சேலையை மூன்றாக மடித்தேன். மடிப்பு ஒன்று ஆறடி. அகலத்துக்கு இரண்டு மடிப்பு, பன்னிரண்டடி. ஒரு கையில் பெருவிரலை விட்டால் மற்ற நாலு விரலிலும் பன்னிரண்டு கணு. கணுவுக்கு ஒரு பதினெட்டாகக் கூட்டிக்கொண்டு போனேன். இருநூற்றுப் பதினாறு.

துண்டு காணாது, சின்னது. மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போய், "ஸ்மோல், ஸ்மோல்" என்று கடைக்காரருக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

பின்னேரம் இவருக்குச் சொன்னபோது சிரித்தார். "இந்த ஹோல் பதினெட்டடியோ? நீர் பக்கத்து வீட்டையும் சேர்த்தெல்லோ அளந்திருக்கிறீர்!"

"கணக்குக் கணக்குத்தான்" என்றேன் விடாமல்.

பிறகு கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்கப் போனேன். கையில் என் நீல ரவிக்கைச் சட்டை வந்தது. அந்தச் சேலையின் அதே நீலம். அதே கரை. ஊரில் தையல்காரி சேலையின் முந்தானைக்கு மறுதலைப்பிலிருந்து வெட்டித் தைத்துத் தந்த சட்டை அது. நான் அளந்தது ஆறு யாரே இல்லை.

இவருக்குத் தெரியாமல் அன்றிரவே, சட்டைக்கு வெட்டிய துணியைக் கழித்துத் திரும்ப அளந்தேன்; பச்சைத் துண்டு தாராளமாகப் போதும். சனிக்கிழமை காலை அந்தச் சேலையையே, அந்தச் சட்டையோடு உடுத்திக்கொண்டு, கடை திறக்க முன்னமே வாசலில் நின்றேன். நல்ல காலம், பச்சைத் துண்டு மூலையில் அப்படியே நின்றது. கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஸ்மோல்?" என்றார். நான் சட்டையைத் தொட்டு, சேலையைத் தொட்டு, விரலால் கத்தரிக்கோல் போல வெட்டிக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. உள்ளேயிருந்த மனைவியைக் கூப்பிட்டார். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள்.

காபெற்றை விரித்தபோது நீளத்தில் அரையடி மிச்சம், அகலத்திலும் கொஞ்சம். சுவரோரம் மடித்து விட்டோம். மகள் அதன் மேல் தவழ்ந்து மறு சுவர் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"காணாது எண்டீர்?" என்றார் இவர்.

"திரும்ப அளந்தனான்."

"எதாலை?"

"அதே சீலையாலைதான்."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இரண்டாம் முறை சட்டையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.