பனி விழும் கிழமை

அந்தப் பெட்டியைத் திறந்தால் பூச்சி உருண்டை மணமும் ஐந்து வீட்டுக் குசினிகளின் தாளித்த மணமும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். கிரவீன் என்ற புறநகரில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக இருந்த ஐந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் பொதுவான பெட்டி அது. எப்போதாவது ஒருமுறை பனி பார்க்க மலைக்குப் போவதற்காக எல்லோரும் தடித்த ஜாக்கெட் வாங்குவது வீண் என்று பவானி அன்ரி மலிவு விற்பனையில் வாங்கிச் சேர்த்த ஜாக்கெட்டுகளும் கையுறைகளும், யாருடைய காலுக்கும் சரியாகப் பொருந்தாத சப்பாத்துகளும் அதற்குள் இருந்தன. "ஸ்னோப் பெட்டி" என்றுதான் அதற்குப் பெயர். யாருக்கு எந்தக் கிழமை, அதாவது எந்த வாரம், பெட்டி வேண்டும் என்பதைச் சித்திரை வருடப்பிறப்புக்கு அன்ரி வீட்டில் கூடும்போதே சொல்லிவிட வேண்டும். பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்குக் குளிர்காலம் ஜூனில்தான் தொடங்கும்; பனி விழுவதோ வருடப்பிறப்புக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து. "ஸ்னோ விழுறதும் விழாததும் உங்கட அதிர்ஷ்டம், பிறகு மாத்தித் தாங்கோ எண்டு என்னட்டை வந்து நிக்கக்கூடாது" என்பது அவருடைய நிரந்தர வாசகம்.

எனக்குப் பத்து வயதான அந்த ஆண்டில் அப்பா வடக்கே வெகு தொலைவில், டார்வினில் வேலை பார்த்தார். ஆண்டுக்கு ஒரு கிழமைதான் லீவில் வருவார், மற்ற நாளெல்லாம் அவர் தொலைபேசியில் ஒரு குரல். வருடப்பிறப்புக்கு முந்தின ஞாயிறு அவர் அழைத்து, "இந்த முறை மலைக்குப் போவம். எந்தக் கிழமை ஸ்னோ நல்லாயிருக்கும் எண்டு நீயே பாத்துச் சொல்லு, நான் அதுக்கு லீவு போடுறன்" என்றார். வேறு பிள்ளை என்றால் வாய்க்கு வந்த கிழமையைச் சொல்லியிருக்கும். நான் ஒன்றைப் பிடித்தால் விடாத பிறவி.

பள்ளி நூலகக் கணினியில் பசிபிக் கடலின் வெப்ப வரைபடங்களைத் தேடிப் பார்த்தேன். நடுவில் கடல் சிவந்திருந்தால் "எல் நினோ", நமக்கு வறட்சி. நீலமாக இருந்தால் "லா நினா", நமக்கு மழை. அந்த ஆண்டு கடல் நீலமாகிக்கொண்டிருந்தது. மழை வந்தால் மலையில் அதுவே பனியாகும் என்று கணக்குப் போட்டு, ஜூலை விடுமுறையின் இரண்டாவது கிழமையைச் சொன்னேன். சொன்ன நாளிலிருந்து மத்தியான இடைவேளைகளில் மற்றப் பிள்ளைகள் வெளியே விளையாட, நான் மட்டும் நூலகத்தில் இருந்து நீலம் கூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மாவிடம் சொன்னால், "உனக்கென்ன விசரே, போய்ப் படி" என்பார். எனக்குப் பனியைவிட அப்பா வருவதுதான் பெரிது என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஏனோ அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

மழை வந்தது. நான் சொன்ன கிழமையில், நான் சொன்னபடியே, மலை முழுவதும் சோவென்று மழை கொட்டி, முந்தின கிழமை விழுந்திருந்த பனியையும் கரைத்துக்கொண்டு போயிற்று. ஆறு மணி நேரம் ஓடி வந்த காருக்குள், ஐந்து வீட்டாரும் மாறி மாறிப் போட்ட ஜாக்கெட்டுகளோடு, சேற்றையும் மஞ்சள் புல்லையும் பார்த்தபடி மூவரும் அம்மா பொரித்துக் கொண்டுவந்த "ரோல்ஸ்" சாப்பிட்டோம். அப்பாவும் அம்மாவும் ஒருவரோடொருவர் பேசவில்லை. நான் அழுதேன். "சரி விடு மகள், அடுத்த முறை சரியாச் சொல்லுவாய்" என்றார் அப்பா. அந்தக் கிழமையோடு அவர் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோயிற்று.

இப்போது நான் வேறொரு நகரத்தில், கிளென் வேவர்லியில் தனியாக இருக்கிறேன். பெட்டியைப் பகிர்ந்த குடும்பங்களில் மூன்று கெல்லிவில் என்ற புதிய புறநகர்ப் பக்கம் போய்விட்டன; யாரும் யாருடைய ஜாக்கெட்டையும் போடுவதில்லை. கடலின் நிறம் ஒரு குளிர்காலம் எந்தப் பக்கம் சாயும் என்று கொஞ்சம் சொல்லும், எந்தக் கிழமை பனி விழும் என்று சொல்லாது என்பதையெல்லாம் வளர்ந்த பின் படித்தேன். படித்தும் மனம் ஆறவில்லை. ஒவ்வொரு மே மாதமும் அந்த வரைபடத்தைத் திறந்து, இந்த ஆண்டென்றால் எந்தக் கிழமையைச் சொல்வேன் என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

போன மாதம் தொலைபேசியில் இதை முதன்முறையாக அம்மாவிடம் சொன்னேன். "பிரியிறதெண்டு முடிவெடுத்துப்போட்டுத்தான் உன்ர அப்பா அந்த முறை வந்தவர். நீ எந்தக் கிழமையைச் சொல்லியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். பிழை என்னுடையதாக இருந்தவரை, சரியான கிழமையைக் கண்டுபிடித்தால் அப்பா வருவார் என்று எனக்குள் ஒரு பத்து வயதுக்காரி நம்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். இந்த ஆண்டு அவளுக்குப் பார்க்க எதுவும் இல்லை.