வாலிலிருந்து தின்ற மீன்

சகாத்தா துறைமுகத்துக்குப் பின்தெருவில், எட்டுப் பேர் உட்காரக்கூடிய சாப்பாட்டுக்கடை தொகாஷி கினுயோவுடையது. மீன் டப்பா ஆலையின் கேன்டீன் வேலையை விட்டுவிட்டு முப்பது வயதில் திறந்தாள். இப்போது அறுபத்தொன்று. சமையலை அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. திரும்பி வரும் டிரேக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றாள். சூப் பாதி மிஞ்சினால் உப்பு கூடிப்போயிருக்கும். கீரை தொடாமல் வந்தால் சரியாகப் பிழியவில்லை என்று அர்த்தம்.

அப்படிப் பார்த்துக் கற்க வேண்டுமென்றால் எதுவும் இடம் மாறக் கூடாது. முன்னால் இடப்பக்கம் சோறு, வலப்பக்கம் சூப், நடுவில் ஊறுகாய். பின்னால் இடமூலையில் கீரைக் கிண்ணம், அதையொட்டி நீளத்தட்டில் மீன், தலை இடப்பக்கம். ஒரு கிண்ணம் விரலளவு நகர்ந்திருந்தாலும் கினுயோவுக்குப் பொறுக்காது. பரிமாறுகிற நாத்தனார் தமாயே, "அளவுகோல் எடுத்துட்டு வரவா அண்ணி?" என்று சீண்டுவாள்.

அன்று அக்டோபரில் புது அரிசி வந்த முதல் நாள். புது அரிசிக்குத் தண்ணீர் குறைத்து வைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்று கினுயோ காலையிலிருந்தே மனத்தைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரைக்கு டாக்ஸி ஓட்டும் ஹொன்மா இவாவோ வந்தார். இருபது வருஷத்து வாடிக்கை. ஒரு பருக்கை மிச்சம் வைக்காதவர். சாவியை மேசையில் வைத்துவிட்டு, முழுதாகச் சுட்ட சன்மா மீனோடு சாப்பாடு கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது.

"புது அரிசின்னு வாசல்ல எழுதிப் போட்டுட்டு, சோத்தையே காணோமே தங்கச்சி! அரிசியைப் பாத்ததும் குடுக்க மனசு வரலையா?"

தமாயே சிரித்தாள். "கண்ணு முன்னால வச்சிக்கிட்டே கிண்டலப் பாரு."

கினுயோ எட்டிப் பார்த்தாள். சோற்றுக்கிண்ணம் வைத்தபடியே இருந்தது. தண்ணீர்தான் தவறிவிட்டது, மனிதர் அதை நக்கலாகச் சொல்கிறார் என்று நினைத்தாள்.

பிறகு மீனைப் பார்த்தாள். வால்பக்கம் முள்ளாகியிருந்தது. தலைப்பக்கம் அப்படியே கிடந்தது. இந்த ஊரில் சின்னக் குழந்தைகூட மீனைத் தலைப்பக்கமிருந்துதான் தொடங்கும். சூப் காலி. கீரையை அவர் தொடவேயில்லை. ஊறுகாயில்கூட வலப்பாதியைக் காணோம். சோற்றைச் சொல்லிக் கிண்டல் பண்ணலாம். கிண்டலுக்காக யாரும் மீனை வாலிலிருந்து தின்னமாட்டார்கள்.

அவள் வெளியே வந்து டிரேயை அரைவட்டமாகத் திருப்பினாள். இடப்பக்கம் இருந்ததெல்லாம் வலப்பக்கம் வந்தது.

"ஆங், இப்பத்தான் வருது பாரு," என்று ஹொன்மா கிண்ணத்தை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

தமாயேவின் சிரிப்பு நின்றுபோனது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே டாக்ஸி நின்றது. பின்னால் வருவதைப் பார்க்கும் அதன் இடப்பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. இன்னும் கால்மணி நேரத்தில் அவர் அதை ஓட்டிக்கொண்டு போவார். கினுயோ மேசையிலிருந்த சாவியை எடுத்து மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"தமாயே, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு."

"யாருக்கு?" என்றார் ஹொன்மா.

"உங்களுக்குத்தான் அண்ணே."

"சோறு கேட்டா ஆம்புலன்ஸா? நல்ல கடை! சாவியக் குடு, ஸ்டேஷன்ல ஆள் காத்திருக்கு."

"சாப்பிட்டு முடிங்க, தரேன்," என்று பொய் சொன்னாள். கதவை மறித்து நின்றாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் அவளைத் திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டார்.

சாயங்காலம் அவர் மனைவி போனில் அழுதுகொண்டே சொன்னாள். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்கட்டி அடைத்திருந்ததாம். கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் போயிருந்ததாம். நேரத்தோடு கொண்டுவந்ததால் மருந்திலேயே கரைத்துவிட்டார்களாம். கினுயோ போனை வைத்துவிட்டு அரிசி மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நவம்பர் கடைசியில் ஹொன்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். "சாவியத் தூக்கிக்கிட்டு ஓடினவ எங்க?" என்று கேட்டுக்கொண்டே பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணி, சோத்தை வலப்பக்கம் வச்சிடவா?" என்று தமாயே மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம். எப்பவும்போல வை."

கினுயோ அடுப்பைப் பார்ப்பதுபோல நின்றாள். ஹொன்மா ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டபடி டிரேயின் இடது விளிம்பை விரலால் இரண்டு தடவை தட்டினார். தட்டிய விரல் சோற்றுக்கிண்ணத்தைத் தேடிப் பிடித்தது. ஒரு வாய் மென்றார்.

"தங்கச்சி, தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு."

"கூடிடுச்சா?" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த பலகையை மறுபடி துடைத்தாள்.

அரைமணி நேரம் கழித்து தமாயே டிரேயை உள்ளே கொண்டுவந்தாள். கிண்ணத்தில் ஒரு பருக்கை இல்லை. மீன் தலையிலிருந்து வால்வரை வெறும் முள். கினுயோ அதை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கழுவப் போட்டாள்.