முதலாளியின் தலையணை

முதலில் மரத்துப்போனது வலது காலின் சுண்டுவிரல். பூனாகலைப் பாதையில் சரிந்து கிடந்த மண்ணை மெசினால் அள்ளிக்கொண்டிருந்தேன். ஈரச் சப்பாத்தினால் விறைத்திருக்கும் என்று நினைத்து, கழற்றி விரலைக் கிள்ளிப் பார்த்தேன். வேறு யாருடைய விரலையோ கிள்ளியதுபோல் இருந்தது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு மறுபடியும் மெசினில் ஏறினேன்.

என்னைப்போல் மெசின் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால், அப்படி ஏறாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்காக மட்டும் இல்லை. ஒரு மனிதர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது ஆறவில்லை, ஆறவேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை.

நான் ஓட்டியது மலையை வெட்டிப் பாதை போடுகிற பெரிய பெக்கோ அல்ல. தேயிலைத் தோட்டத்து லயவீடுகளின் சந்துக்குள்ளும் நுழைந்து, முன்னால் இருக்கும் இரும்புப் பக்கெட்டால் மண் அள்ளும் சின்ன மெசின். அதற்கு ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைப்பிடிகள்தான். ஒரு பக்கத்துச் சக்கரங்களை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டினால் இழுத்துக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு திருப்பமும் ஒரு உதறல். சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லாததால், ஓட்டுகிறவனின் முதுகைக் காப்பாற்ற சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் ஒன்றுதான் உண்டு.

அது உடைந்துபோனது. பண்டாரவளையில் இருந்த முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"சீட்டா மண்ணு அள்ளுது? பக்கெட்டப் பாரு" என்றார்.

உரச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து ஓட்டினேன். இரண்டு மழைக்காலம் அப்படியே போனது.

முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை அன்று மெசின்களுக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, இந்தச் சின்ன மெசினை அவரே ஓட்டிக் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றுவார். கோயிலைச் சுற்றியுள்ள பாதை கரடுமுரடான கருங்கல். அதற்காக வீட்டிலிருந்து காரில் ஒரு தலையணை வரும். அவர் மனைவி பூவேலை செய்த கனமான தலையணை. வருடத்தில் கால்மணி நேரம் உட்கார அவருக்குத் தலையணை, மற்ற நாளெல்லாம் உட்கார எனக்குச் சாக்கு. அப்போது நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

தைப்பொங்கல் கழிந்த வாரம் வலி இடுப்பிலிருந்து கெண்டைக்கால்வரை மின்சாரம்போல் இறங்கியது. பிறகு இரண்டு தொடைக்கும் நடுவில் உணர்வே இல்லை. சிறுநீர் முட்டிக்கொண்டு நின்றது, வரவில்லை. வெட்கத்தில் ஒரு நாள் மறைத்தேன். என் மனைவி முத்துலட்சுமி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஆட்டோ பிடித்து என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். இடைத்தட்டு விலகல் (முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது) என்றார்கள். அது குதிரைவால் நரம்புகளை (முதுகுத்தண்டின் அடியில் கற்றையாகப் பிரிந்து கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புகள்) நசுக்கியிருந்தது. டொக்டர் மட்டக்களப்புக்காரர், ஒளித்துப் பேசத் தெரியாதவர்.

"ஒப்பரேசன் உடனே செய்யோணும். ஒரு நாள் பிந்தி வந்திட்டீங்க. எவ்வளவு திரும்பி வருமெண்டு இப்ப சொல்ல ஏலாது."

"திரும்பவும் மெசின் ஓட்டலாங்களா டொக்டர்?"

"அதை மறந்திடுங்க. வெறும் கதிரையிலயும் இருக்கக் கூடாது. கெட்டியான தலையணை ஒண்டு எப்பவும் அடியில வேணும்."

தலையணை என்றதும் எனக்கு முதலாளியின் பூவேலைதான் கண்ணுக்குள் வந்தது.

ஒப்பரேசனுக்குப் பின் வடிகுழாயோடு (சிறுநீரை வெளியேற்றச் செருகும் ரப்பர்க் குழாய்) கிடந்தேன். முத்துலட்சுமி பையை மாற்றினாள், குளிப்பாட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அது எனக்குத் தெம்பாக இருந்தது. அவர் ஒரு தடவை பழத்தோடு வந்தார்.

"வயசாகுதில்ல, ஒடம்பு தாங்காது" என்றார். எனக்கு நாற்பத்தொன்று.

குழாயை எடுத்த பிறகு சிறுநீர் தானாக வந்த அன்று முத்துலட்சுமி அழுதாள். பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு ஊன்றுகோலோடு நடந்தேன். வலது பாதத்துக்கு மட்டும் உணர்வு திரும்பவில்லை.

ஆயுத பூஜை வந்தது. "போவோமா?" என்று கேட்டேன். "போவோம்" என்றாள்.

கோயில் வாசலில் நல்ல கூட்டம். என் இடத்துக்கு வந்திருந்த செல்வம், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், மெசினைத் துடைத்துக்கொண்டிருந்தான். சீட்டில் அதே உரச் சாக்கு. தலையணை பக்கத்துப் பெஞ்சில் காத்திருந்தது. முதலாளி என்னைக் கண்டதும் ஊரே கேட்கிற மாதிரி வரவேற்று, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வா வா, உக்காரு. நிக்காத."

"உக்காரலாங்க மொதலாளி. தலையணை இல்லாம உக்காரக் கூடாதுன்னு டொக்டர் சொல்லியிருக்காரு."

முத்துலட்சுமி பெஞ்சிலிருந்த தலையணையை எடுத்து என் நாற்காலியில் போட்டாள். "மொதலாளி ஒன்னும் நெனைக்க மாட்டாரு. நீங்க உக்காருங்க" என்றாள்.

அவ்வளவு பேர் முன்னால் அவர் என்ன சொல்ல முடியும்? உட்கார்ந்தேன். நல்ல தலையணை.

அவர் சாக்கின் மேல் உட்கார்ந்தார். பழம் நசுங்கியது, மேளம் அடித்தது, மெசின் கிளம்பியது. முதல் திருப்பத்தில் முகம் மாறியது. இரண்டாவது சுற்றில் ஒரு கை தன்னால் இடுப்புக்குப் போக, மெசின் கோணிக்கொண்டு நின்று மறுபடி உதறியது. பாதியில் இறங்கினால் அபசகுனம், மூன்றையும் முடித்துத்தான் ஆகவேண்டும். நான் கண் எடுக்காமல் பார்த்தேன். அதுபோல ஒரு சுகம் ஆஸ்பத்திரி ஊசி எதிலும் கிடைக்கவில்லை.

இறங்கியவரால் நிமிர முடியவில்லை. "சீட்டு என்னடா இப்படி இடிக்குது?" என்று செல்வத்திடம் சீறினார்.

செல்வத்தை முந்திக்கொண்டு நான் பதில் சொன்னேன்.

"சீட்டா மண்ணு அள்ளுது மொதலாளி? பக்கெட்டப் பாருங்க."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் பஸ் ஏறினோம்.

அடுத்த வாரமே புது சீட்டு போட்டாயிற்று என்று செல்வம் சொன்னான். அவனுக்காகச் சந்தோஷம்தான். ஆனால் என் இரண்டு மழைக்காலத்தில் முடியாதது முதலாளியின் மூன்று சுற்றில் முடிந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போனாலோ, சிறுநீர் நின்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெட்கப்படாதீர்கள், முதலாளியிடம் லீவு கேட்டுக்கொண்டும் நிற்காதீர்கள்.

இப்போது நான் நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பதில்லை. எவ்வளவு நேரம் உட்கார முடிகிறதோ அதுதான் என் கணக்கு. பதுளை கிளினிக்குக்கு பஸ்ஸில் போகும்போது பண்டாரவளையில் உட்கார்ந்தால், பாதி வழிக்கு முன்னாலேயே எல்லவில் எழுந்து நிற்க வேண்டும். நடக்கும்போது வலது பாதம் தரையில் பட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் அடுத்த காலை எடுக்கிறேன்.

தலையணையைக் கேட்டு முதலாளி மறுபடியும் ஆள் அனுப்பினார். பாதத்தில் உணர்வு வந்த அன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அது இனி வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.