மாமாவுக்குச் சுடவில்லை

என் மாமாவுக்குக் கால் சுடாது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் பேச்சில் இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவு இருந்தது, அது எனக்குத் தெரிந்தவரை தேநீரில் சீனி போடக்கூடாது என்ற ஒரு சட்டம், அவ்வளவுதான்.

அந்த வருடத் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனபோது உச்சி வெயில். செருப்பைக் காரிலேயே விட்டிருந்தோம். தார்ச்சாலையில் எல்லோரும் நிழலுக்கு நிழல் தாவி ஓடினார்கள். நான் அழுதேன். மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, பூங்காவில் உலாவுகிறவர் போல நடந்தார். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ அவரைக் கும்பிடக்கூடச் செய்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் தரையில் ஈரமாய், லேசான சிவப்பில் கால் தடங்கள். அம்மா குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

"டேய், உள்ளங்கால் தோலே இல்லடா!"

"சும்மா கொப்புளம் லா, அக்கா. வலிக்கவே இல்ல," என்றார் மாமா. அம்மா ஏன் அதைக் கேட்டதும் இன்னும் பயந்தார் என்று எனக்குப் புரியவில்லை.

கால்கள் இரண்டும் பிறகு பிழைத்துக்கொண்டன, ஒரு சுண்டுவிரலைத் தவிர. ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரியில் நடந்ததுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மருத்துவர் தமிழ்ப் பெண். "காயம் கால்ல இருந்தாலும், நரம்பு அந்தச் சேதிய மூளைக்குக் கொண்டு போனாத்தான் வலிக்கும். இனிப்பு நீர் நரம்பக் கெடுத்துடுச்சு," என்று அம்மாவிடம் சொன்னார்.

"சும்மா உட்கார்ந்திருக்கிறப்ப கால் எரியுதுங்கிறானே?" என்றார் அம்மா.

"கெட்டுப்போன நரம்பு பொய்ச் சேதியும் அனுப்பும், அக்கா. சுடுறப்ப பேசாம இருக்கும், ஒன்னுமில்லாதப்ப கத்தும்."

பிறகு கைப்பிடியில் பொருத்திய, தூண்டில் கயிறு போன்ற மெல்லிய இழை ஒன்றை எடுத்தார். மாமா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இழை பாதத்தில் படும்போது 'ஆமா' சொல்ல வேண்டும். எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. மாமா தோற்கக்கூடாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், இழை காலில் படும்போதெல்லாம் ஓர் அமுக்கு அமுக்கினேன்.

"ஆமா," என்றார் மாமா. "ஆமா. ஆமா." உதட்டோரம் சிரிப்பு. வார்டில் படுக்கப் போடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

மருத்துவர் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். திட்டவில்லை.

"பாப்பா, நீ அம்மாகிட்ட போய் நில்லு."

மறுபடி தொடங்கினார். கொப்புளம் இல்லாத இடமாகப் பார்த்து, குதிகால் ஓரம், நடுப்பாதம், பெருவிரல். பிறகு அடுத்த கால். இழை பட்டு வளைவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. மாமா வாயைத் திறக்கவில்லை. மருத்துவர் இழையைக் கைப்பிடிக்குள் மடக்கி மேசையில் வைத்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

மாமா கண்ணை மூடியபடியே கவனமாக உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர்," என்றார் கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஆரம்பிக்கலயா?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா வழக்கம்போல் வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து, அந்த அறையில் நான் மட்டும் சத்தம் போட்டுச் சிரித்தேன்.