முழுசாய் ஒன்று

தங்கதுரைக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. கொச்சி மட்டாஞ்சேரியில் செர்லாய் பக்கம் இருக்கும் என் வீட்டு மாடி அறையில் நாலு வருஷமாகக் குடியிருக்கிறான். ஒரு நாளாவது அவன் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு, நாலே வாயில் முடித்துவிடுவான். நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

ஊர் தென்காசிப் பக்கம் சுரண்டை. பெண் குழந்தைக்கு நாலு வயதாக இருக்கும்போது பினாங்குக்குப் போனவன், அங்கே ஒரு சீனர் ஹோட்டலில் ஒன்பது வருஷம் டிம்சம் பண்ணினான். டிம்சம் என்றால் காலையிலிருந்து மத்தியானம் மூன்று மணிவரை சின்னச் சின்ன மூங்கில் கூடைகளில் ஆவி பறக்க வரும் பலகாரம். கூடைக்கு மூன்றோ நாலோ இருக்கும். டீயைக் குடித்துக்கொண்டு, கதை பேசிக்கொண்டு, கூடை கூடையாகத் தின்பார்களாம். அந்த வேலை போனபிறகு கொச்சிக்கு வந்தான். டூரிஸ்டுகள் தங்கும் ஒரு ஹோட்டலில் காலைப் பலகாரத்துக்கு இப்போது அவன்தான் குக். அப்பமும் முட்டைக்கறியும்தான் வேலை. டிம்சம் கேட்பார் யாரும் இல்லை.

அவன் மனைவி கற்பகம் சுரண்டையில் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். பெண் இப்போது பிளஸ் டூ. அதையெல்லாம் விட்டுவிட்டு அவளால் வர முடியாது, வேலையை விட்டுவிட்டு இவனால் போக முடியாது. ஆகக் குடும்பம் பாதிக்குமேல் போனிலேயே நடந்தது. பினாங்கில் இருந்தவரை அன்றன்றைக்குப் பண்ணியதை அவளுக்கு வர்ணிப்பானாம். மேல்தோல் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே இறால் இளஞ்சிவப்பாகத் தெரியும், கடித்தவுடனே சாறு நாக்கில் இறங்கும் என்று. "நம்ம கொழுக்கட்டை மாதிரியா?" என்று அவள் ஒரு தடவை கேட்டதற்கு ரெண்டு நாள் போன் பண்ணவில்லையாம். ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கற்பகம் முதல்முறையாகக் கொச்சிக்கு வந்தாள். ஞாயிறு சாயந்திரம் திரும்ப ரயில். அரண்மனை, கடற்கரை எதுவும் வேண்டாம் என்றுவிட்டாள். என் சமையலறையில் எனக்குப் பயற்றங்காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒம்பது வருசம் இவங்க ஊருக்கெல்லாம் செஞ்சு போட்டாங்கல்லா அம்மா, அதை ஒரு மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் எதிரெதிரா ஒக்காந்து சாப்பிடணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது, எர்ணாகுளம் சந்து பொந்தெல்லாம் தெரியும். அதனால் பூண்டு வாசனைக்கே முகம் சுளிக்கிற நான், மீனாக்ஷி மாமி, இறால் பலகாரம் தேடி வண்டி ஓட்டிப் போகும்படி ஆயிற்று. பதினொன்றரைக்கே சாப்பிட்டுப் பழகிய வயிறு வேறு என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை, முதல் கடை வாசலிலேயே தங்கதுரை நின்றுவிட்டான். கூடையின் மூடியைத் திறந்தபடியே எடுத்துப் போகிறார்களாம். ஆவி வழியிலேயே போய்விட்டால் மேசைக்கு என்ன போய்ச் சேரும் என்று திரும்பிவிட்டான். அடுத்த கடையில் உள்ளே போய் உட்காரவும் செய்தோம். பக்கத்து மேசைக்கு வந்த கூடையை எட்டிப் பார்த்தவன், தோல் சப்பாத்தி கனம் இருக்கிறது என்று எழுந்துவிட்டான். கற்பகத்துக்குப் பசி. இது போதும், இங்கேயே சாப்பிடலாம் என்று கெஞ்சினாள்.

"இத்தனை வருசம் சொன்னதுக்கு இதையா ஒனக்குக் குடுக்க?" என்றான் அவன்.

எனக்குத் தலைக்கேறிய கோபத்தில் காரின் கியர் அழுதது. மணி ஒன்றரை. மூன்றுக்கு மேல் டிம்சம் தின்பது தப்பு என்பதும் அவன் சட்டம். ஆக இன்னும் ஒரு கடையைத்தான் பார்க்க முடியும், அதுவும் சரியில்லை என்றால் அந்தப் பெண் ஆசையோடு வந்தபடியே ரயிலேற வேண்டியதுதான்.

கலூரில் ஸ்டேடியத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் அந்தக் கடை. தங்கதுரை படியிலேயே மூக்கை நீட்டி நின்றான். உள்ளே போய்க் கூடைகள் மூடியபடி மேசைக்குப் போவதைப் பார்த்தான். ஒரு மேசையில் திறந்த கூடையைத் தூரத்திலிருந்தே பார்த்தான். தோல் கண்ணாடியாக இருந்தது. "இதுதான்," என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

கற்பகம் ஜன்னலோரம் உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். எதிரே அவன், நாற்காலியின் நுனியில். எனக்குக் காளான் வைத்தது சொல்லியாயிற்று. முதல் கூடை வந்தது. தங்கதுரை எழுந்துவிட்டான்.

பரிமாறுகிறவர் கையிலிருந்து கூடையை வாங்கிக் கற்பகத்தின் முன் வைத்தான். ஆவி அவள் முகத்தில் அடிக்காமல் மூடியைத் தன் பக்கமாகத் திறந்தான். டீ ஊற்றினான். அவள் ஒன்றைத் தின்று முடிப்பதற்குள் அடுத்த கூடையை வாங்கப் போய்விட்டான். காலியானதைக் கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்தான். பரிமாறுகிறவர் விழித்துக்கொண்டு நின்றார். பக்கத்து மேசைக்காரர், "சேட்டா, கொறச்சு வெள்ளம்," என்றார். இவன் ஜக்கை எடுத்துப் போய் அவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ இங்கே வேலைக்கா வந்திருக்கே, ஒக்காந்து சாப்பிடப்டாதோ என்று கேட்டேன். பழக்கம் மாமி என்று அசடு வழிந்தான், சுவரோரம் நின்றபடி.

கற்பகம் இரண்டாவது கூடையைத் தொடவில்லை. மெல்ல எழுந்து போய் அவன் பக்கத்தில் சுவரோரம் நின்றாள்.

"நீங்க நின்னா நானும் நிக்கேன். ரயிலு வரைக்கும் நிக்கேன்."

கடையே பார்த்தது. தங்கதுரை அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு வந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை நாற்காலி நிறைய. அவளும் எதிரே உட்கார்ந்து கூடையிலிருந்து ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அவன் வாயில் போட்டுக் கடித்தான். அப்படியே நின்றுவிட்டது வாய். கெட்டுப்போனதோ என்று பயந்துவிட்டேன்.

"சாறு இருக்கு," என்றான்.

"நீங்கதான சொன்னீங்க?"

அப்புறம்தான் மெல்ல மெல்லச் சொன்னான். பினாங்கு அடுக்களையில் முழுசாய் இருப்பதெல்லாம் மேசைக்குப் போகும். ஆவியில் வெந்து வாய் பிளந்தவை மட்டும்தான் வேலைக்காரர்களுக்கு. அதையும் ஆறிப்போன பிறகு, மணி அடித்தால் ஓட வேண்டுமே என்று நின்றுகொண்டே தின்பார்கள். பிளந்ததில் சாறு ஏது? ஒன்பது வருஷத்தில் முழுசாய் ஒன்றை அவன் கடித்துப் பார்த்ததே இல்லை.

"அப்ப போன்ல சொன்னதெல்லாம்?" என்று கற்பகம் கேட்டாள்.

"தின்னவங்க மொகத்தப் பாத்துச் சொன்னேன்."

மனிதன் இவ்வளவு நாள் அடுத்தவர் ருசியை அல்லவா வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

கற்பகம் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். "என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க இப்ப," என்றாள்.

அவன் பார்த்தான். பட்டப்பகலில், அவசரமில்லாமல், அவர்கள் ஒருவரையொருவர் அப்படிப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. நான் என் காளானைக் கவனிக்கத் தொடங்கினேன்.

"அழுவுத மாதிரில்லா இருக்கு," என்றான்.

"நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்கு வந்துருங்க," என்றாள் அவள்.

பக்கத்து மேசையிலிருந்து மறுபடி யாரோ, "சேட்டா," என்று கூப்பிட்டார்கள். தங்கதுரை எழுந்திருக்கவில்லை.