மூளையில் ஓர் இடம் தேடிய அந்தோணியம்மாள்

செவ்வாய்க்கிழமை காலை, மாணவிகள் ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடித்தபடி நின்றிருந்தபோது அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"மேடம், ஒரு நிமிசம் வெளிய வாங்க."

குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"பாப்பிரெட்டிப்பட்டியில இருந்து போன் வந்துச்சுங்க. அந்தோணியம்மா மேடம் விடியக்காலைல போயிட்டாங்களாம்."

எங்கள் கல்லூரியின் விலங்கியல் விரிவுரையாளர் அந்தோணியம்மாள் அவர்களுக்கு நாற்பத்தொரு வயதுதான் ஆகியிருந்தது. வயிற்றில் புற்றுநோய். நான் வேதியியல் கற்பிப்பவள், அவரைவிட மூன்று வயது இளையவள். ஏழு ஆண்டுகளாக அவரை அக்கா என்றே அழைத்தேன்.

மரவள்ளி பயிரிடும் கத்தோலிக்கக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவர் அவர். நரம்பு மண்டலப் பாடம் நடத்துவதை ஜன்னல் வழியே நின்று கேட்டிருக்கிறேன். இரண்டு மாணவிகளை ஓர் அடி இடைவெளியில் நிறுத்துவார். "இந்த நரம்பு செல்லு அந்த நரம்பு செல்லைத் தொடாது. நடுவுல ஒரு சந்து. இவ வேதிப்பொருளை வீசுவா. அந்தப் பக்கம் அதைப் பிடிக்க ஒரு கை இருக்கணும். அந்தக் கைக்குப் பேருதான் ஏற்பி. கை இல்லைன்னா எவ்வளவு வீசினாலும் சேதி போகாது" என்பார்.

அவருடைய தம்பி சவரிமுத்து அவருடனேயே தருமபுரியில் வாடகை வீட்டில் இருந்தார். அவரைப் பற்றி அக்கா ஒரே ஒருமுறைதான் என்னிடம் விரிவாகப் பேசினார். பதினெட்டு வயதில் சவரிமுத்துவுக்குக் கஞ்சாப் பழக்கம். தண்ணீர் பாய்ச்சப் போனால் வாய்க்காலைத் திருப்ப மறந்து வரப்பில் நிற்பாராம். போன வேலை நினைவில்லை, எத்தனை நேரம் நின்றோம் என்பதும் தெரியாது. பிறகு யாரோ பேசுவது போலக் காதில் கேட்கத் தொடங்கியது.

"ஊரே திமிருன்னுச்சு, பேயின்னுச்சு. நானும் திமிருன்னுதான் நெனச்சன், வசந்தா. வெளக்குமாத்தால அடிச்சன். அவன் அழுவவே இல்ல. 'எதுக்குக்கா அடிக்கற?'ன்னு கேட்டான். அவனுக்கு நெசமாவே தெரியல."

சிகிச்சைக்குப் பிறகு சவரிமுத்து கஞ்சாவைத் தொடவில்லை. ஆனால் அக்காவை அந்தக் கேள்வி விடவில்லை. ஒரு செடியின் புகை நினைவையும், நடையையும், நேரத்தையும் மட்டும் எப்படிப் பிடித்து ஆட்டுகிறது? மூளையில் அதைப் பிடிக்கும் ஏற்பி இருந்தே ஆக வேண்டும் என்றார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. கஞ்சாவில் உள்ள போதைப்பொருள் கொழுப்பில் கரைவது, செல்லின் மேலுறையும் கொழுப்புதான், அதில் ஊறிக் குழப்புகிறது என்றேன். நான் படித்த புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின.

"அப்போ அந்தப் பொருளையே வலக்கை இடக்கை மாதிரி ரெண்டு வடிவத்துல செஞ்சா, ஒண்ணு மட்டும் ஏன் நல்லா வேலை செய்யுது? கொழுப்புக்கு எடது வலது தெரியுமா?"

பதில் தெரியாத எரிச்சலில், ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "அக்கா தம்பிக்காக மூளையில ஒரு ரூம் கட்டிக்கிட்டு இருக்காங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவர் நோட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். அந்த முதுகை என்னால் மறக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு, 1988இன் இறுதியில், பெங்களூரில் இருந்த அக்காவின் தோழி ஒருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையின் ஜெராக்ஸ் பிரதியை அனுப்பினார். எலியின் மூளையில் அந்த ஏற்பியைக் கண்டுவிட்டார்கள். அக்கா அதை என் மேஜையில் வைத்தார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை.

"அந்தப் பொருள் போயி ஒட்டிக்கிட்டா, செல்லுக்குள்ள வேலை அடங்கிப் போவுது. அதான் அவன் வரப்புலயே நின்னான். திமிரு இல்ல, வசந்தா." கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "ஆனா எங்கயோ மொளைக்கற செடிக்காகவா மூளை ஒரு கையை நீட்டி வெச்சிருக்கும்? உடம்பே அந்த மாதிரி ஏதோ ஒண்ணைச் செய்யுது. அது என்னன்னு யாராச்சும் கண்டுபிடிப்பாங்க."

இரண்டு மாதத்தில் அவர் படுக்கையில் விழுந்தார். மருந்து ஏற்றிய நாள்களில் ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தங்காது. ஒரு பிற்பகல் நான் வாந்திப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, களைப்போடு சிரித்தார்.

"வெளிநாட்டுல இதுக்கு மாத்திரை இருக்குது, தெரியுமா? கஞ்சாவுல இருக்கற அதே பொருளு. வாந்திய அடக்குமாம்."

மூலையில் நின்ற சவரிமுத்து அருகே வந்தார். "அக்கா, நா மலைக்குப் போயி வாங்கியாறன். தெரிஞ்ச ஆளு இருக்கறாரு. கொஞ்சூண்டு போதும்."

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். எங்கிருந்து அத்தனை பலம் வந்ததோ. "வேண்டாஞ் சாமி. உன் கையில அது படவே கூடாது. எனக்குக் கொஞ்ச நாளைக்கு வாந்தி. உனக்கு மறுபடியும் எல்லாமே போயிரும்."

"நீ படறத என்னால பாக்க முடியலக்கா."

"அப்ப வெளிய போயி நில்லு. மலைக்குப் போவாத."

அவர் வெளியே போகவில்லை, மலைக்கும் போகவில்லை. கடைசிவரை பாத்திரத்தை ஏந்தியவர் அவர்தான். இறுதி வாரங்களில் அக்காவைச் சொந்த ஊரான பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கொண்டுபோனார்கள். நான் பார்க்கப் போனபோது, குச்சியாகிவிட்ட கையால் என் கன்னத்தைத் தொட்டாரே தவிர, அவரால் பேச முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கலைந்த பிறகும் சவரிமுத்து ஈரமண்ணை உள்ளங்கையால் சமன் செய்துகொண்டே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நிமிராமலே கேட்டார்:

"அன்னிக்கு அக்கா பேச்சக் கேக்காம நா போயி வாங்கியாந்திருக்கணுங்களா, மேடம்?"

இல்லை என்றேன். அது சரியான பதில்தானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் என் தோளில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன்.

போய் வாருங்கள், அக்கா. ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்.